இரண்டு மூட்டைச் செம்மண்

"மண்ணையா துட்டு குடுத்து வாங்கினு வந்தே?"

குட்டியானையிலிருந்து இரண்டு மூட்டைச் செம்மண்ணை இறக்கிக்கொண்டிருந்தபோது அத்தை வாசற்படியில் நின்று கேட்டாள். கேள்வி எனக்கு, சிரிப்பு தெருவுக்கு. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிப் பழகிப்போன தெரு இது. கேன் வருகிறது, லாரி வருகிறது, யாரும் சிரிப்பதில்லை. மண் மூட்டையில் வந்தால்தான் சிரிப்பு வருகிறது.

"நம்ம மண்ணு நல்லால்லத்தே" என்றேன்.

"நம்ம மண்ணுக்கு இன்னா வந்துச்சு?"

இன்னா வந்துச்சு என்று அவளுக்குத் தெரியும். 2013இல் தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தபோது, எங்கள் வீட்டில் அதை முதலில் முகர்ந்து சொன்னவள் அவள்தான். குடத்தின் மேல் மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம் ஆடியது. பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாயில் கசிவு என்றார்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம்வரை போயிற்று. அத்தை அன்றைக்கு அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றிப் பரணில் போட்டாள். இன்னும் அங்கேதான் கிடக்கிறது. பின்கட்டில் இருந்த உறைகிணற்றின் மேல் கடப்பைக் கல் ஏறியது. கிணற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் முருங்கையிலிருந்து கீரை பறிப்பதும் அதோடு நின்றது. மரத்துக்கு அது தெரியாது, வருஷாவருஷம் பூக்கிறது.

அந்தப் பின்கட்டு மூன்றடி அகலம், இருபதடி நீளம். தோண்டினால் ஒரு சாண் ஆழத்திலேயே கடல் மணல், சிப்பித் துண்டோடு. நான் தோட்டம் போட நினைத்தபோது முதலில் அங்கேதான் போயிருக்க வேண்டும். போகவில்லை. மண்ணைப் பரிசோதிக்கலாம் என்று விசாரித்தேன். விவசாயிகளுக்குத் தரும் மண்வள அட்டையில் பன்னிரண்டு விஷயங்கள் இருக்கின்றன: தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, கார அமிலத் தன்மை, உப்பின் அளவு, கரிமச் சத்து என்று போகிறது. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்கிற அட்டைதான். ஆனால் பெட்ரோல் இருக்கிறதா என்று எந்த விவசாயியும் தன் மண்ணைப் பார்த்துக் கேட்பதில்லை, அதனால் அட்டையிலும் அதற்குக் கட்டம் இல்லை. தனியார் சோதனைக்கூடத்தில் அதைப் பார்க்க ஆகும் செலவில் நாலு வருஷத்துக்குக் கீரை வாங்கிவிடலாம் போலிருந்தது. கடைசியில் மாதவரம் பக்கத்து நர்சரி ஒன்றில் செம்மண் வாங்கி வந்துவிட்டேன்.

இந்த மணலுக்கு ஒரு காலத்தில் நல்ல பேர். மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கைக்கெட்டும் ஆழத்தில் இனிப்பாகத் திருப்பிக் கொடுக்கும். கோட்டைக்குக் குடிநீர் கொண்டுபோக 1772இல் கும்பினியார் கிணறு வெட்டியது கறுப்பர் நகரத்தின் வடக்கு விளிம்பில், இதே மணலில்தான். ஏழு கிணறு என்ற பெயர் அதிலிருந்து வந்தது. தண்டையார்பேட்டை அதற்கும் முன்னால் 1693இலேயே எழும்பூர், புரசைவாக்கத்தோடு சேர்த்துக் கும்பினியின் கைக்குப் போன கிராமம். தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபுவை மக்கள் தொண்டியார் என்று அழைத்ததால் தொண்டியார்பேட்டை ஆயிற்று என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். மஸ்தான் சாகிபு பிறந்ததே 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கணக்கு உதைக்கிறது. ஆனாலும் எனக்கு அந்தக் கதை பிடிக்கும். முள்ளும் புதருமாகக் கிடந்த ஓர் இடத்தில் அவர் தவமிருந்தார் என்பது கதையின் ஒரு பகுதி. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்கும்போது அந்தப் புதர் எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் தோட்டத்துக்கு வந்தது 2019 கோடையில். ஏரிகள் வறண்டு, மெட்ரோ வாட்டர் லாரிக்கு ராத்திரி ஒரு மணிக்குக் குடம் வரிசை போட்ட வருஷம். பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கை வரவில்லை. ஊற்ற ஒரு செடி வேண்டியிருந்தது, அவ்வளவுதான் ஆரம்பம். பிறகு படிப்பு சேர்ந்துகொண்டது. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை வேலையை உதறிவிட்டு வெளியே வந்த கதையைப் படித்தேன். கரூர் மாவட்டம் கடவூரில் அவர் உருவாக்கிய வானகத்தைப் போய்ப் பார்த்தேன். 2013 டிசம்பர் 30ஆம் தேதி, காவிரிப் படுகையில் மீத்தேன் எடுப்பதற்கு எதிராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது அவர் இறந்தார். எங்கள் குடத்தில் எண்ணெய் மிதந்த அதே வருஷம். அங்கே எடுக்கப்போவதைப் பற்றிய பயம், இங்கே எடுத்துக்கொண்டுபோவதன் கசிவு.

வானகத்தில்தான் பெர்மாகல்ச்சர் என்ற சொல் காதில் விழுந்தது. தாஸ்மேனியாவில் பில் மோலிசனும் அவருடைய மாணவர் டேவிட் ஹோம்கிரனும் சேர்ந்து 1978இல் வெளியிட்ட புத்தகத்தோடு உலகத்துக்கு வந்த சொல். மோலிசன் 1980களில் ஐதராபாத் பக்கம் வந்து வகுப்பெடுத்திருக்கிறார். 2017இல் உலக மாநாடும் அங்கேயே நடந்தது. சொல்லை விட்டுவிட்டு விஷயத்தைப் பார்த்தால், நிலத்தை முதலில் உட்கார்ந்து கவனி என்கிறார்கள். வீட்டைச் சுற்றி வளையங்கள் போடு. தினமும் கைபடுகிற கீரையைக் கதவுக்குப் பக்கத்தில் வை, எப்போதாவது பார்க்கிற மரத்தைத் தள்ளி வை, கடைசி வளையத்தைக் காட்டுக்கு விட்டுவிடு. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு எழுதியது என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். என் வீட்டிலிருந்து வளையம் போட்டால் இரண்டாவது வளையத்திலேயே அடுத்த வீட்டு பாத்ரூம் வருகிறது. காடு வர வேண்டிய ஐந்தாவது வளையத்தில் துறைமுகத்து மதில்.

ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு பயிற்சி இருக்கிறது. வெயில், காற்று, வெள்ளம், தீ என்று வெளியிலிருந்து உள்ளே வருவது ஒவ்வொன்றும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று படம் போடுவது. இது எங்கள் ஊருக்கென்றே எழுதியது போலிருந்தது. மொட்டைமாடியில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, ஒரு வருஷம் குறித்தேன். கோடையில் நடுப்பகலுக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறுகிறது; உப்பும் காசிமேட்டுக் கருவாட்டு வாசனையும் வரும். ராத்திரியில் காற்று திரும்பி நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. அப்போது மேற்கிலிருந்து கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை, வடமேற்கிலிருந்து மணலி ஆலைகள். மணலி வாசனையை வெளியூர்க்காரர்களுக்கு எப்படிச் சொல்வது? அழுகின முட்டைக்கும் புதுப் பிளாஸ்டிக் வாளிக்கும் நடுவில் ஒன்று. மார்கழி விடிகாலையில் பனியோடு கீழே இறங்கி நிற்கும். மாடியின் மேற்குச் சுவரோரம் தக்காளி வைக்கக் கூடாது என்று அந்த வட்டம்தான் எனக்குச் சொன்னது. இலை மேல் விடிகாலையில் ஒரு கறுப்புத் தூள் படிகிறது. துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011இல் நின்ற பிறகு இராயபுரம் பக்கம் முன்போல் இல்லை. என்றாலும் வெள்ளைத் துணியை ராத்திரி மாடியில் விட யாரும் துணிவதில்லை. மேற்குப் பக்கம் இப்போது கோவைக்காய்க் கொடி திரையாக நிற்கிறது. தூளை அது வாங்கிக்கொள்கிறது. அதன் காயை நாங்கள் தின்பதில்லை, கிளி தின்கிறது. கிளிக்கு யார் சொல்வது.

மாடி பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளுக்கு மேல் சிறுசெங்கலை நிமிர்த்தி அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய கூரை. மேஸ்திரி வந்து பார்த்தார். தரையைக் குதிகாலால் ரெண்டு தட்டு தட்டினார். "ஓரமா வைங்க சார், செவுத்து மேல பாரம் எறங்கட்டும். நடுவுல வெச்சீங்க, கீழ பெரியம்மா தலைமேல தோட்டம் வரும்." ஒரு கன அடி ஈர மண் ஏறக்குறைய ஐம்பது கிலோ. என்னுடைய தோட்ட வடிவமைப்பு முழுவதையும் தீர்மானித்தது அந்தக் குதிகால்தான். சுவரோரமாகவே செடிகள், நடுவில் வெறும் தரை. பார்த்தவர்கள் மண்டபம் மாதிரி அழகாக விட்டிருக்கிறீர்கள் என்பார்கள்.

எடை குறையத் தென்னை நார்க்கழிவு கலந்தேன். கட்டியை ஊறவைத்து மூன்று தடவை அலசச் சொன்னார்கள். நான் ஒரு தடவை அலசினேன். உப்பங்கழி நீரில் மட்டையை ஊறப்போட்டு நார் எடுத்திருந்தால் உப்பு அதிலேயே தங்கியிருக்கும். போதாததற்கு எங்கள் போர்வெல் தண்ணீர். இரண்டே மாதத்தில் பைகளின் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்து, மிளகாய் இலை நுனி கருகியது. எண்ணூர் உப்பளத்தை மாடிக்கே கொண்டுவந்துவிட்டேன். அடுத்த ஐப்பசிக்குள் மூன்று டிரம் வாங்கிக் கூரை நீரைப் பிடித்தேன். 2003 சட்டத்துக்காகப் போட்ட மழைநீர்க் குழாய் அதுவரை பேருக்குத்தான் நின்றுகொண்டிருந்தது. 400 சதுர அடி மாடி, வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழை என்று போட்டால் ஐம்பதாயிரம் லிட்டர் வருகிறது. மூன்று டிரம்மில் பிடித்தது அறுநூறு. கணக்குப் போட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

செம்மண்ணுக்கு வருகிறேன். முதல் மூட்டையைப் பிரித்துத் தொட்டிகளில் கொட்டியது 2022 ஆடியில். ஆவணியில் நாலு மழை பெய்ததும், கத்தரி போட்ட ஒரு தொட்டியில் நான் போடாத ஒன்று முளைத்தது. ஒரு காம்பில் நாலு இலை. இருட்டினதும் கைகூப்புவது போல் மூடிக்கொண்டன. களை என்று பிடுங்கப் போனேன். படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அத்தை கையைத் தட்டிவிட்டாள்.

"மல்லாட்டைடா இது."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எங்களுக்கெல்லாம் அது வேர்க்கடலை. அவளுடைய அப்பா, என் தாத்தா, திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஹார்பருக்கு மூட்டை தூக்க வந்தவர். அவர் வீட்டில் பேசின சொல் எழுபது வயதுக்கு மேல் அவளிடமிருந்து எழுந்து வந்தது.

அது எனக்கு ஓர் அடி மாதிரி விழுந்தது. நான் மூட்டையில் வாங்கி வந்தது 'மண்' இல்லை, யாரோ ஒருவரின் கடலைக் கொல்லையின் மேல்மண். அறுவடையில் தப்பிய ஒரு பருப்பு லாரியேறி, நர்சரியில் மூட்டையாகி, தண்டையார்பேட்டை மாடிக்கு வந்து தன் முகவரியைச் சொல்லிவிட்டது. அந்தக் கொல்லைக்காரர் விற்றாரா, மனை போட்டவர்கள் சுரண்டினார்களா, தெரியாது. என் வீட்டு மண்ணை யாரோ கெடுத்தார்கள் என்பதற்காக இன்னொருவர் மண்ணை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன், அதற்கு இயற்கை வேளாண்மை என்று பேரும் வைத்துக்கொண்டு. இரண்டாவது மூட்டையை அப்புறம் பிரிக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது, அத்தை அதன் மேல் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள்.

மண்ணை வாங்காமல் தோட்டம் போடுவது என்றால் மண்ணைச் செய்ய வேண்டும். அதற்குத் தண்டையார்பேட்டையை மிஞ்சிய ஊர் கிடையாது. டீக்கடைத் தூள், கரும்புச் சாறு வண்டிச் சக்கை, தச்சுப்பட்டறை இழைப்புச் சுருள், பிரியாணிக் கடை விறகடுப்புச் சாம்பல். பூக்கடையில் வாடின மாலை கொடுத்தார்கள், ஆனால் நைலான் நூலைப் பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எல்லாவற்றையும் பழைய டிரம்மில் அடுக்கடுக்காகப் போட்டு மூடினால், பத்து நாளில் உள்ளே கைவைக்க முடியாத சூடு. மூடியைத் திறந்தால் முகத்தில் ஆவி அடிக்கும். சுருள்களுக்கிடையே அரிசி நீளத்துக்குப் பழுப்புப் புழுக்கள் நெளியும், கறுப்புப் படைவீரர் ஈயின் பிள்ளைகள். முதல் தடவை பார்த்தபோது டிரம்மையே கொட்டிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, கொட்டினது வேலைக்காரர்களை என்று. ஒரு டிரம் குப்பை கால் டிரம் மண்ணாக எட்டு மாதம் ஆயிற்று. கறுப்பாக, பொலபொலவென்று, கொஞ்சம் டீ வாசனையோடு.

மீன் இல்லாமலா? காசிமேட்டிலிருந்து கூடை கொண்டுவரும் அக்கா செவுளும் குடலுமாக ஒரு கவரில் கட்டித் தருவார். சம எடை வெல்லம் சேர்த்து, மூடி வைத்து, இருபத்தோரு நாள் விட்டால் தேன் நிறத்தில் மீன் அமிலம். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி போதும். கீரை நாலே நாளில் கரும்பச்சை கட்டும். வெல்லத்தில் நான் கஞ்சத்தனம் பண்ணினேன். 2024 ஜனவரியில் ஒரு ராத்திரி மீன் டிரம்மின் மூடி தெறித்தது. அதற்குச் சில நாள் முன்புதான், டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூரில் கடலுக்கடியில் போகும் அமோனியாக் குழாய் கசிந்து, பெரியகுப்பம் மக்கள் கைக்குழந்தைகளோடு சாலைக்கு ஓடியிருந்தார்கள். எங்கள் தெருவில் நாற்றம் பரவியதும் நாலு வீட்டு விளக்கு எரிந்தது. ஒரு பெண் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டாள். மீன்தான், மீன்தான் என்று நான் மாடியிலிருந்து கத்தினேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. மறுநாள் அந்த டிரம்மைக் கழுவும்போது நினைத்துக்கொண்டேன்: கடற்காற்று, நிலக்காற்று என்றெல்லாம் வட்டம் போட்டேனே, நானே ஒரு திசையாக இருப்பதைக் குறிக்கவில்லை.

நண்பர்கள் வந்து பார்த்துவிட்டு, இதெல்லாம் நம்ம தாத்தா காலத்திலேயே செய்ததுதானே, வெள்ளைக்காரன் பேர் வைத்து விற்கிறான் என்பார்கள். பாதி சரி. மற்ற பாதிக்கு என் தாத்தாவைக் கேட்க வேண்டும். அவருக்கு நிலம் இருந்ததில்லை, பிறத்தியார் நிலம்தான். ஊரைவிட்டு வந்த பிறகு ஒரு துளசிகூட அவர் நட்டதில்லை. மண்ணில் கைவைத்தது போதும் என்பாராம். தற்சார்பு கிராமம் என்று இப்போது எல்லோரும் கண் கலங்கும் அந்த ஏற்பாடு யார் முதுகில் நின்றது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் கூலி இல்லாமல், பசி இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்ணில் கைவைக்கிறேன். ரெண்டும் ஒரே வேலை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மோலிசன் வகையறாக்கள் மூன்று அறம் சொல்வார்கள்: மண்ணைப் பேணு, மனிதரைப் பேணு, மிஞ்சியதைப் பகிர். மூன்றாவதைப் படித்தபோது எனக்குப் பழவேற்காட்டுப் பாடுதான் ஞாபகம் வந்தது. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறை வைத்துக்கொண்டு மீன்பிடிப்பது. ஒருவருக்கே நல்ல இடம் போய்விடாது. எண்ணூர் முகத்துவாரத்தின் ஓரத்துக் குப்பங்களுக்குக் கழிமுகம்தான் கொல்லைப்புறம். வேலியில்லாத, பட்டாவில்லாத கொல்லைப்புறம். இறாலும் நண்டும் மடவையும் அதன் விளைச்சல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து அதற்குள் இறங்கியது. வடிந்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். படகுகளிலும் வீட்டுச் சுவர்களிலும் இடுப்பளவு உயரத்தில் ஒரே மட்டத்தில் கறுப்புக் கோடு, யாரோ நூல் பிடித்து அடித்ததுபோல. கண்டல் இலைகளிலும் அதே உயரத்தில். என் மாடியில் எதுவும் ஆகவில்லை. இரண்டு கத்தரிச்செடி சாய்ந்திருந்தது, நிமிர்த்திக் கட்டினேன்.

இப்போது எங்கள் வீட்டில் கீரையும் பச்சைமிளகாயும் வாங்குவதில்லை. அரிசி, பருப்பு, வெங்காயம், எல்லாம் கடையில்தான். பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை, பிரண்டை, கற்பூரவல்லி தெருவில் நாலு வீட்டுக்குப் போகிறது. கற்பூரவல்லி கேட்டு வந்த மீன்கார அக்கா, கிளையை வாங்கிக்கொண்டு, "ஒரு டப்பா மண்ணும் குடு தம்பி, எங்க வூட்டாண்ட ஏது மண்ணு, சிமெண்டுதான்" என்று கேட்டார். பெயிண்ட் டப்பா நிறையக் கொடுத்தேன். அவர் கொடுத்த செவுளும் அதில்தான் எங்கேயோ இருந்தது.

கடலையை மட்டும் விடவில்லை. அந்த ஒரு செடியில் பதினோரு காய் கிடைத்தது. அவிக்க மனமில்லாமல் விதைக்கு எடுத்து வைத்தேன். வருஷாவருஷம் ஆடியில் ஒரு தொட்டியில் போடுகிறேன். இந்த ஆடியில் எண்ணிப் பார்த்தபோது விதை மூன்று குறைந்தது. எலி என்று நினைத்தேன்.

போன வாரம் பின்கட்டுக்கு ஏணி எடுக்கப் போனேன். முருங்கைக்குப் பக்கத்தில், கடப்பைக் கல்லுக்கு ஒரு முழம் தள்ளி, மணலில் மூன்று செடி. நாலு நாலு இலை, மஞ்சள் பூ. அத்தை சோற்றுப் பானையைச் சாய்த்து அரிசி கழுவின தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பது தெரிந்தும் திரும்பவில்லை.

"மணல்லதான்டா அது நல்லா புடிக்கும்" என்றாள். பிறகு, "நீ துன்ன வேணா" என்றாள்.

குனிந்து பார்த்தேன். பூ வாடின இடத்திலிருந்து ஊசி மாதிரி ஒன்று புறப்பட்டுக் கீழ்நோக்கி வளைந்திருந்தது. நுனி ஊதா நிறம். தரையைத் தொட இன்னும் ஒரு விரற்கடை இருந்தது.